ஈயின் ஆறாவது கால்

சாய்ந்தான்குளத்தில் கேமராவைப் பற்றி எல்லாம் தெரிந்தவர்கள் மூன்று பேர் இருந்தார்கள். படம் எடுக்கத் தெரிந்தவர்கள் மீதி ஊர்.

இந்த மூவரும் சேர்ந்து புகைப்படக் கலைக் கழகம் நடத்தினார்கள். உரக்கடை மரகதவேல் தலைவர், இன்னாசி செயலாளர், குப்புராசு பொருளாளர். வேறு உறுப்பினர் இல்லை, கேமராவும் இல்லை. சாயங்காலமானால் உரமூட்டைமேல் உட்கார்ந்து செல்போனில் கேமரா வீடியோ பார்ப்பார்கள். பார்த்து முடித்ததும், ஊர் ஸ்டுடியோக்காரர் வைத்திருப்பது டப்பா கேமரா என்று தீர்ப்புச் சொல்வார்கள். அந்த மனுஷர் அந்த டப்பாவை வைத்தே பிள்ளைகளைப் படிக்க வைத்துவிட்டார்.

மரகதவேலின் தங்கை பொன்னரசிக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை சங்கரபாண்டி கல்யாணம் முடிந்த நாலாம் நாள் வேலைக்காக வளைகுடா நாட்டுத் தோகாவுக்குக் கிளம்ப வேண்டும். திரும்பி வர இரண்டு வருடம் ஆகும்.

"அண்ணே, அவரு தாலி கட்டுற படம் ஒண்ணே ஒண்ணு நல்லா வேணும். ரெண்டு வருசம் அதைப் பார்த்துத்தான் நான் காலத்தை ஓட்டணும். ஸ்டுடியோக்காரரைக் கூப்பிடுண்ணே" என்றாள் பொன்னரசி.

"கழகம் இருக்கும்போது ஸ்டுடியோவா?" என்று சீறினார் மரகதவேல்.

மூவரும் மதுரையில் ஒரு கேமராக் கடைக்குப் போனார்கள். கடைக்காரர் ஒரு பெரிய கேமராவை எடுத்து வைத்தார்.

"இது மீடியம் ஃபார்மட். இதுல எடுத்தா, கன்னத்துல உட்கார்ந்த ஈயோட காலைக்கூட எண்ணலாம். இந்தச் சின்னது மிரர்லெஸ், புதுசா பழகுறவங்களுக்கு. ஒரு வாரம் வாடகைக்குக் கொண்டுபோங்க. ரெண்டுலயும் ஒரே பொருளை எடுத்து ஒப்பிட்டுப் பாருங்க. அப்புறம் எது வேணுமோ அதை வாங்கிக்கலாம்."

பெரியதன் விலைக்கு ஒரு வீட்டுமனை வாங்கலாம், சின்னதன் விலைக்கு ஒரு கறவை மாடு. மரகதவேல் தன் டிராக்டரைப் பிணையாக நிறுத்திவிட்டு இரண்டையும் வாடகைக்கு எடுத்துக்கொண்டார்.

"கடையிலயே பெருசு இதுதான். இதுக்கு எதுக்கு மீடியம்னு பேரு?" என்றான் குப்புராசு.

"தன்னடக்கம்" என்றார் தலைவர்.

கல்யாணத்தன்று காலையில் மரகதவேல் மண்டப வாசலில் யூரியாச் சாக்கோடு நின்றார். செல்போனில் படம் எடுத்தால் கல்யாணத்துக்கே அசிங்கம் என்று சொல்லி, மாப்பிள்ளை போன் உட்பட எல்லாவற்றையும் வாங்கிச் சாக்கில் போட்டார். சாக்கு கடைக்குப் போனது. கடைப்பையன் அதை மற்ற யூரியா மூட்டைகளோடு சேர்த்து யாருக்கோ விற்றுவிட்டான்.

உள்ளே பெரிய சிக்கல். எந்தக் கேமரா என்று முடிவு செய்ய ஈ வேண்டும். மண்டபத்தில் ஃபினாயில் தெளித்திருந்ததால் ஈயே இல்லை. இன்னாசி சமையல்கட்டிலிருந்து வெல்லப்பாகு கொண்டுவந்து மாப்பிள்ளையின் கன்னத்தில் பூசினான். பெண் வீட்டுச் சடங்காக்கும் என்று சங்கரபாண்டி பயபக்தியோடு கன்னத்தைக் காட்டினான். "எங்க பிள்ளைக்கு மட்டுமா? பொண்ணுக்கும் பூசுங்க!" என்று மாப்பிள்ளையின் அத்தை சண்டைக்கு வந்தாள். பொன்னரசிக்கும் பூசினார்கள்.

ஈ வந்தது. மாப்பிள்ளை கன்னத்தில் உட்கார்ந்தது. இன்னாசி பெரிய கேமராவில் கிட்டப்போய் எடுத்தான். மூவரும் திரையில் குனிந்து எண்ணினார்கள்.

"அஞ்சு கால்தான் இருக்கு, தலைவரே."

"வீட்டுமனை விலைக்கு அஞ்சு காலா?"

"ஈ நொண்டியா இருந்தா கேமரா என்ன பண்ணும்?"

"அப்ப சின்னதுல எடுத்து ஒப்பிட்டுப் பாரு."

"அது புதுசா பழகுறவங்களுக்கு. என்னைப் பார்த்தா புதுசு மாதிரியா இருக்கு?" என்று இன்னாசி சின்னக் கேமராவைக் குப்புராசிடம் தள்ளினான். குப்புராசு தலைவரிடம் தள்ளினான். தலைவர் கையைக் கட்டிக்கொண்டார். அன்றுவரை ஒரு பொத்தானைக்கூட அமுக்கியிராத மேதைகள்!

மூவரும் மறுபடி பெரிய கேமராவின் திரையில் குனிந்து கால்களை எண்ணத் தொடங்கினார்கள். கெட்டிமேளம் முழங்கியது. அட்சதை மூவரின் முதுகிலும் விழுந்தது. தலை மட்டும் நிமிரவில்லை.

"ஆறு!" என்று கத்தினான் இன்னாசி. "இறக்கைக்கு அடியில மடக்கி வச்சிருக்கு!"

நிமிர்ந்து பார்த்தால் தாலி கட்டி முடிந்திருந்தது.

"எடுத்தியாண்ணே?" என்றாள் பொன்னரசி ஆசையாக.

"எடுத்தாச்சும்மா. ஆறு காலும் இருக்கு."

அவள் படத்தைப் பார்த்தாள். "அவரு எங்கண்ணே?"

"ஈக்குப் பின்னாடி."

பொன்னரசி தேம்பித் தேம்பி அழுதாள். அதை நினைத்தால், அந்த மூன்று பேரையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டினால் என்ன என்று எனக்கு இன்றும் ஆத்திரம் வருகிறது.

நாலாம் நாள் வாசலில் வேன் வந்து நின்றது. "அன்னிக்குத்தான் எடுக்கல. நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து நிக்கிறதையாவது எடுண்ணே" என்று கெஞ்சினாள் பொன்னரசி.

கழகம் தயாராக இருந்தது. நான்கு நாள் வாதாடியபின், குப்புராசு சின்னக் கேமராவைப் பிடித்து, புதிதாகப் பழகுகிறவனாக இருக்கச் சம்மதித்திருந்தான். மாப்பிள்ளையின் கன்னத்தில் மறுபடி வெல்லப்பாகு பூசினார்கள். டிரைவர் ஹாரன் அடித்தார். பொன்னரசி புருஷன் தோளில் சாய்ந்தாள். காலை வெயில் இருவர் முகத்திலும் விழ, கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் சிரித்தாள், அவனும் சிரித்தான். அந்த நேரம் பார்த்து ஓர் ஈ பறந்து வந்து அவன் கன்னத்தில் உட்கார்ந்தது. குப்புராசு பொத்தானில் விரலை வைத்தான்.

"எடுக்காதடா!" என்று பாய்ந்து லென்ஸைப் பொத்தினார் மரகதவேல்.

டிரைவர் மாப்பிள்ளையை இழுத்து உள்ளே போட்டுக்கொண்டு வேனைக் கிளப்பினார். அது தெருமுனை திரும்பி மறைந்தது.

"ஏன் தலைவரே தடுத்தீங்க?" என்றான் குப்புராசு.

"ரெண்டுலயும் ஒரே பொருளை எடுக்கணும்னுதானே கடைக்காரர் சொன்னாரு?" என்றார் மரகதவேல். "நல்லாப் பார்த்தியா நீ? அது வேற ஈ."