மைனா ஒப்பிக்காத வரி

ஒரு காட்டில் ஏழு குளங்கள் இருந்தன. மூன்றாம் குளத்துச் சபையில் கீரி உறுப்பினராக இருந்தது.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. போட்ட சட்டத்தை மைனாவை மனப்பாடம் செய்யவைப்பார்கள். மைனா ஒப்பிப்பதுதான் சட்டம்.

ஒரு கோடையில் அந்தக் குளம் பெரும்பாலும் வற்றிவிட்டது. மிச்சமிருந்த தண்ணீரில் விடியுமுன்பே ஆளாளுக்கு இறங்கிக் கலக்கினார்கள். பிறகு வந்தவர்களுக்குச் சேறுதான் கிடைத்தது. கீரி ஒரு சட்டம் கொண்டுவந்தது. கரைப் பனையின் நிழல் குளத்தை விட்டு விலகும்வரை யாரும் இறங்கக் கூடாது. இறங்கினால் கோடை முடியும்வரை அந்தப் பக்கமே வரக் கூடாது.

"குட்டி போட்டவங்க என்ன செய்வாங்க?" என்று ஆமை கேட்டது.

அவர்களுக்கு விலக்கு உண்டு என்றது கீரி. சபையே தலையாட்டியது. ஆனால் மைனாவுக்கு அன்று தொண்டை கட்டியிருந்தது. உறுப்பினர்களுக்கோ நல்ல பசி.

"எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே, அதை வேற சொல்லிக் கொடுக்கணுமா?" என்றது கீரி. தடையையும் தண்டனையையும் மட்டும் மைனாவுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டுச் சபை கலைந்தது.

தண்ணீர் தெளிந்தது. கீரியின் பேர் பரவியது. ஏழு குளத்துக்கும் பொதுவான நீதிமன்றத்தில், காட்டின் சார்பாக வழக்காடும் வேலை அதற்குக் கிடைத்தது. அந்த வேலைக்கு அடையாளமாகக் கழுத்தில் சிவப்பு நார் கட்டிவிட்டார்கள். நான்கு வருடம், முயல் முதல் முதலை வரை எத்தனையோ பேரைக் குற்றவாளியாக நிறுத்தியது. ஜெயித்த நாளிலும் தோற்ற நாளிலும் ஒரே அலுப்போடு வளைக்குத் திரும்பியது.

ஐந்தாம் கோடையில் ஒரு புள்ளிமானைக் கொண்டுவந்தார்கள். நிழல் விலகுமுன் மூன்றாம் குளத்தில் இறங்கிவிட்டதாம். காவலுக்குப் புதிதாக வந்த கொக்கு பிடித்துக் கொடுத்திருந்தது. புதரில் மானின் குட்டி கிடந்தது, பிறந்து நான்கே நாள். மற்ற ஆறு குளங்களும் காய்ந்து கிடந்தன. இந்தக் குளமும் இல்லையென்றால் மானுக்குப் பால் வற்றும், குட்டி பிழைக்காது.

நீதிபதி காட்டெருமை மைனாவை அழைத்தது. மைனா ஒப்பித்தது. விலக்கு என்று ஒரு சொல்லும் அதில் இல்லை.

மான் நீதிபதியைப் பார்க்கவில்லை. கீரியைப் பார்த்தது.

"அண்ணே, சட்டம் போட்ட அன்னைக்கு நானும் கரையிலதான் நின்னேன். நீங்க சொன்னதை நம்பித்தான் இறங்கினேன்."

சட்டம் கொண்டுவந்தவரே சாட்சி சொன்னால் ஒழிய மைனா சொல்வதுதான் முடிவு என்று காட்டெருமை அறிவித்தது.

கீரி காட்டெருமையை நோக்கி ஓரடி எடுத்துவைத்தது. "வழக்காடுகிறவன் சாட்சி சொல்லலாமா, ஐயா?"

"நாரைக் கழற்றினால் சொல்லலாம். கழற்றியதைத் திரும்பக் கட்ட முடியாது."

கீரி கழற்றியது. நார் அழுத்திய இடத்தில் ரோமமே இல்லை.

"விலக்கு உண்டுன்னு சொன்னதும் நான்தான். மைனாகிட்ட சொல்லாம விட்டதும் நான்தான். அன்னைக்குப் பசி. வேற காரணம் இல்லை."

மான் விடுதலையானது. நன்றி சொல்லக்கூட நிற்காமல் புதரைப் பார்த்து ஓடியது.

மறுநாள் கீரி பழைய சபைக்குப் போய், அந்த ஒரு வரியைச் சேர்க்கச் சொன்னது.

"அதான் இப்ப எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சே, பெரியவரே" என்றது புது உறுப்பினரான அணில். சபைக்கு அன்றும் பசி. சரி, உங்கள் இஷ்டம் என்று தலையாட்டிவிட்டுச் சாப்பிடப் போனார்கள். கீரி மட்டும் மைனாவின் பக்கத்தில் உட்கார்ந்து, பனையின் நிழல் மறுபக்கம் சாயும்வரை அந்த வரியைத் திரும்பத் திரும்பச் சொல்லிக் கொடுத்தது.

தண்டனையைச் சொல்லும் வாயாலேயே விலக்கையும் சொல்லி வைக்க வேண்டும். எல்லாருக்கும் தெரிந்ததுதானே என்று விட்டது, வழக்கு வரும் நாளில் யாருக்கும் தெரியாமல் போகும்.