மூன்றாம் எதிர்வாதி

ஸ்வீடன் நாட்டில் ஒரு பல்கலைக்கழக ஊர். குளிர்காலத்தில் அங்கே சூரியன் மத்தியானத்துக்கு வந்து, கை நனைத்துவிட்டு, உடனே கிளம்பிவிடும்.

அந்த ஊரில் ஆல்கோத் ஹெட்மன் என்றொரு கிரேக்கப் பேராசிரியர் இருந்தார். கவிஞரும்கூட. மேற்குக் கரைத் தீவு ஒன்றில் பிறந்தவர். பாதிரியாரிடம் லத்தீன் கற்றார். கிரேக்கத்தைத் தாமாகவே கற்றார். இளமையில் கவிதைப் புத்தகம் போட்டார். பண்டிதர்கள் "அவர் கவிஞர்" என்று ஒதுக்கினார்கள். பிறகு பழைய கிரேக்கப் புலவர்களைப் பதிப்பித்தார். கவிஞர்கள் "அவர் பண்டிதர்" என்று ஒதுக்கினார்கள். இரண்டு பக்கத்திலும் விருந்துக்கு அழைப்பு வராததால் நன்றாகச் சமைக்கக் கற்றுக்கொண்டார்.

அவர் வீட்டுப் பூனை கிரேக்கத்தில்தான் குறட்டை விடும் என்பார்கள். சரிபார்க்கிற அளவுக்குக் கிரேக்கம் தெரிந்தவர்கள் ஊரில் குறைவு.

அவருடைய மாணவன் ஈவார். எகிப்து மணலில் தோண்டியெடுத்த நாணல்தாள் துண்டு ஒன்று அவனுக்கு ஆராய்ச்சிக்குக் கிடைத்தது. பெயர் தெரியாத ஒரு கிரேக்கப் பெண் எழுதிய கவிதை அதில் இருந்தது.

"கல்யாண வீட்டில் எல்லோரும் பாடினார்கள். அக்கா மட்டும்..."

அதற்கு மேல் பூச்சி தின்றுவிட்டது.

ஈவார் அந்த ஓட்டையை நிரப்பினான்.

"அக்கா மட்டும் தன் நிழலோடு பேசினாள்."

ஊர் சொக்கிப்போயிற்று. ரொட்டிக் கடைக்காரர் அதைக் கேக்கின் மேல் எழுதி விற்றார். ஒரு பாதிரியார் வேதவசனம் என்று நினைத்து ஞாயிற்றுக்கிழமை பிரசங்கமே செய்துவிட்டார்.

பண்டிதர் தாமாக நிரப்பியதைச் சதுர அடைப்புக்குறிக்குள் வைப்பது அந்தத் தொழிலின் முறை. எது பழையது, எது நம்முடையது என்று படிப்பவருக்குத் தெரிய வேண்டும். ஈவாரும் முதலில் வைத்திருந்தான். ஆய்வேட்டை அச்சுக்குக் கொடுக்கும்போது அடைப்பை எடுத்துவிட்டான்.

அச்சான ஆய்வேட்டைப் பல்கலைக்கழகப் பலகையில் ஆணி அடித்து மாட்டுவார்கள். யார் வேண்டுமானாலும் படிக்கலாம், குறை சொல்லலாம். ஈவார் ஆணி அடித்துவிட்டு நேராக ஆசிரியர் வீட்டுக்கு வந்தான். அவர் வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தார்.

"பார்த்தீர்களா ஐயா?"

"பார்த்தேன். ஆணியை நேராக அடித்திருக்கிறாய்."

"உள்ளே?"

"உள்ளே ஒரு அடைப்பைக் காணோம்."

"இனி அது எதற்கு ஐயா? ஊரே அப்படித்தான் படிக்கிறது. அளவு சரி, சந்தம் சரி. அந்த இடத்தில் வேறு எதுவும் பொருந்தாது."

"பொருந்துகிறது," என்று வெங்காயத்தைக் கிளறினார்.

"எதிர்வாதிகள் இரண்டு பேருமே அதைப் பற்றிக் கேட்கப்போவதில்லை. பட்டம் கிடைத்தால் விரிவுரையாளர் வேலை எனக்குத்தான். நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் நிம்மதியாக இருப்பேன். அது சரிதானே?"

"மூன்றாம் எதிர்வாதி யார்?"

அந்த நாட்டில் ஆய்வேட்டைச் சபையில் வைத்து விவாதிப்பார்கள். முதல் இரண்டு எதிர்வாதிகள் நிஜமாகவே சண்டை போடுவார்கள். மூன்றாமவர் சபையைச் சிரிக்கவைக்க வருகிறவர்.

"இன்னும் யாரும் இல்லை ஐயா. போன வருஷம் வந்தவர் சேவல் மாதிரிக் கூவினார்."

"எனக்குக் கூவ வராது. இருந்தாலும் வருகிறேன்."

விவாத நாள் வந்தது. மண்டபம் நிறைந்திருந்தது. வேலை கொடுக்க வேண்டியவர்கள் முன்வரிசையில் இருந்தார்கள். முதல் எதிர்வாதி அடிக்குறிப்புகளில் குறை கண்டார். இரண்டாமவர் முதலாமவரிடம் குறை கண்டார். நிழலோடு பேசிய அக்காவை இருவருமே தொடவில்லை.

மூன்றாவதாக ஹெட்மன் எழுந்தார். கோட்டை உட்புறம் வெளியே தெரியத் திருப்பிப் போட்டிருந்தார். சபை அப்போதே சிரித்துவிட்டது. அவர் சுண்ணக்கட்டியை எடுத்துக் கரும்பலகையில் எழுதினார்.

"படகு திரும்பி வரவில்லை.
காற்று கதவைத் திறந்து மூடியது.
..........................
நாங்கள் ஒன்றும் கேட்கவில்லை."

"இதுவும் பூச்சி தின்ற கவிதைதான்," என்றார். "புலவர் பெயர் ஆல்கோத் ஹெட்மன். சின்ன வயதில் எழுதியது, அச்சில் வராதது. என் கவிதைகளில் பூச்சிக்காவது பிடித்தது இது ஒன்றுதான். நிரப்பு, ஈவார்."

ஈவார் சிரித்துக்கொண்டே வந்தான். வரிகளை வாய்க்குள் சொல்லிப் பார்த்தான். பிறகு மூன்றாம் வரியை எழுதினான்.

"விண்மீன்கள் கடலுக்குள் ஒவ்வொன்றாய் அவிந்தன."

மண்டபம் கைதட்டியது. முதல் எதிர்வாதி தலையை ஆட்டி, "அந்த இடத்தில் வேறு எதுவும் நிற்காது," என்றார்.

ஹெட்மன் விரல்விட்டு அளவு பார்த்தார்.

"சரியாக இருக்கிறது. என் வரியைவிட நன்றாகவும் இருக்கிறது. நீ முன்பே பிறந்திருந்தால் நான் கவிஞன் என்று பெயர் வாங்கியிருப்பேன்."

மறுபடி சிரிப்பு.

"நீங்கள் என்ன எழுதியிருந்தீர்கள் ஐயா?"

"அம்மா மீன் கழுவிக்கொண்டிருந்தாள்."

பின்வரிசையில் யாரோ சிரிக்கத் தொடங்கி நிறுத்திக்கொண்டார்.

ஈவார் பலகையையே பார்த்தான். நான்கு வரிகளையும் அம்மாவோடு சேர்த்து மெதுவாகப் படித்தான்.

"ஏன் மீன், ஐயா?"

"அன்றைக்கு அவள் அதைத்தான் செய்தாள். கழுவியதையே திரும்பத் திரும்பக் கழுவினாள்."

ஈவார் தன் ஆய்வேட்டைக் கையில் எடுத்தான். அந்தப் பக்கம் தானாகவே திறந்துகொண்டது. அவனே பலமுறை திறந்து பார்த்து ரசித்த பக்கம். முன்வரிசையில் இருந்தவர்கள் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இந்த வரியை எடுத்துவிட்டால் என் ஏட்டில் என்ன ஐயா மிச்சம்?"

"ஓட்டை," என்றார் ஹெட்மன். "அதற்குள்ளே அக்கா ஏதோ செய்துகொண்டிருந்தாள், ஈவார்."