அரை நாள் காலியாய்க் கிடந்த சிம்மாசனம்

முன்னொரு காலத்திலே பிரெஞ்சு தேசத்தை ஒர்வால் வம்சத்து ராஜாக்கள் ஏழு தலைமுறை ஆண்டார்கள். அதில் முதல் ஆள் பரம்பரை ராஜா அல்ல. முந்தைய ராஜா வாரிசில்லாமல் போய்ச் சேர, பிரபுக்கள் கூடிக் கைதூக்கி உட்காரவைத்தவர். நாளைக்கு இதே கைகள் தன் மகனை இறக்கிவிட்டால்? அந்தப் பயத்தில், தாம் உயிரோடு இருக்கும்போதே மூத்த மகனுக்கு முடிசூட்டிவிட்டார். அப்பா போனாலும் சிம்மாசனம் ஒரு நொடிகூடக் காலியாகாது. பின்னால் வந்தவர்களும் அப்படியே செய்தார்கள்.

ஏழாவதாக வந்தார் நம்முடைய தெயோபால் மகாராஜா. "உயிரோடு இருக்கும்போதே இன்னொரு ராஜாவா? எனக்கு என்ன வயசாகிவிட்டது?" என்று குதித்தார்.

"இளவரசருக்கு இப்போதே முடிசூட்டினால், மகாராஜாவுக்கு ஏதோ வியாதி என்றல்லவா ஊர் பேசும்!" என்று ஒத்து ஊதினான் ரெனோ பிரபு. அவனுக்கு மந்திரி அன்செல்லைக் கண்டாலே ஆகாது.

மந்திரி எழுந்து வந்து ராஜாவின் காதோடு சொன்னார். "வேண்டாம் மகாராஜா, முடிசூட்ட வேண்டாம். நாளைக்கு வேட்டைக்குப் போவதாகச் சொல்லிவிட்டுத் திரைக்குப் பின்னால் உட்காருங்கள். அரை நாள் சிம்மாசனம் காலியாய்க் கிடக்கட்டும்."

"ஒன்றும் நடக்காவிட்டால்?"

"என் தலையை எடுத்துக்கொள்ளுங்கள்."

"உம்முடைய தலையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? சரி, பார்ப்போம்."

மறுநாள் காலை பிரபுக்கள் கூடினார்கள். கொஞ்ச நேரம் யாரும் பக்கத்தில் போகவில்லை. பிறகு ரெனோ, "தூசி படிந்திருக்கிறதே" என்று கைக்குட்டையால் துடைத்தான். சுற்றும்முற்றும் பார்த்தான். மெல்ல உட்கார்ந்தான். "மெத்தை மெலிசு, மாற்றச் சொல்ல வேண்டும்" என்றான். வெட்கங்கெட்ட பிரபுக்கள் நாலு பேர் தலை வேறு ஆட்டினார்கள்!

திரை விலகியது. "மெத்தை மட்டும் போதுமா ரெனோ? தலையணையும் கொண்டுவரச் சொல்லட்டுமா?"

ரெனோவை வேட்டை நாய்களுக்குச் சோறு வைக்க அனுப்பிய ராஜா, மந்திரியின் கழுத்தில் தங்கச் சங்கிலி போட்டார்.

"சங்கிலி வேண்டாம் மகாராஜா. வரும் ஞாயிற்றுக்கிழமை இளவரசர் எம்ரிக்கு முடிசூட்டுங்கள், போதும்."

"எதற்கு ஐயா? திருடனைத்தான் பிடித்தாயிற்றே! இனி என்ன பயம்?" என்று சிரித்தார் ராஜா. எனக்கு வயிறு எரிகிறது, இந்த ஆளை என்ன சொல்ல?

முகஸ்துதி கேட்காமல் ராஜாவுக்குச் சோறு இறங்கவில்லை. ஒரே மாதத்தில் ரெனோவைத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார். அந்தக் குளிர்காலத்தில் காய்ச்சல் கண்டு மூன்றே நாளில் இறந்தும் போனார்.

எம்ரியும் மந்திரியும் கோயிலில் அடக்கம் முடித்துத் திரும்பினார்கள். இளவரசன் உள்ளே நுழைந்ததும் பிரபுக்கள் எல்லோரும் எழுந்து நின்றார்கள். அவன் அழுத கண்ணோடு கைகூப்பி நடந்தான். பாதி தூரம் போன பிறகுதான், எதிர்வாசல் வழியாக வந்த ரெனோ சிம்மாசனத்தில் உட்காருவதைப் பார்த்தான்.

"எல்லோரும் கைதூக்கிவிட்டார்கள், தம்பி. அப்பாவை நல்லபடியாக அடக்கம் செய்தாயா?" என்றான் ரெனோ. பிறகு மந்திரியைப் பார்த்து, "உம்முடைய யோசனை நல்ல யோசனைதான். ஞாயிற்றுக்கிழமை என் மகனுக்கு முடிசூட்ட ஏற்பாடு செய்யும்" என்றான்.

சாயங்காலத்துக்குள் எம்ரியின் தலையை மழித்துச் சாமியாராக்கி, மடத்துக்குப் போகும் வண்டியில் ஏற்றிவிட்டார்கள். வழியனுப்ப வந்தவர் மந்திரி ஒருவர்தான்.

"எல்லோரும் எழுந்தார்களே ஐயா, எனக்காக என்றுதான் நினைத்தேன்" என்றான் அந்தப் பிள்ளை.

முப்பது வருஷம் எந்தக் கேள்விக்கும் பதில் வைத்திருந்த மந்திரி, வண்டிச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு அழுதார்.