குதிகாலில் ஒரு கரும்புள்ளி

பேத்தாலஜி பேராசிரியை ரூபவதியின் மாணவர்கள் பரீட்சைக்குப் போகுமுன் அவர் காலில் விழுந்து கும்பிடுவார்கள். வேண்டாமென்று சொல்லிச் சொல்லி அவருக்கே அலுத்துவிட்டது.

போன வாரம் முதுநிலை மாணவன் இளம்பரிதி விழுந்தபோது, அவர் செருப்பைக் கழற்றிக் காலை முக்காலியில் நீட்டியிருந்தார். இடது குதிகாலின் அடியில் ஒரு கரும்புள்ளி. அதன் ஓரம் கோணல்மாணலாக இருந்தது.

அன்றிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை. தோல் புற்றுநோயைப் பற்றி ஊருக்கே பாடம் எடுப்பவரிடம் போய், உங்கள் காலைப் பாருங்கள் என்று எப்படிச் சொல்வது? அதுவும் கும்பிட விழுந்த இடத்தில் உள்ளங்காலை உற்றுப் பார்த்தேன் என்றா சொல்வது?

சுற்றிவளைத்துக் கேட்டான்.

“மேடம், நிறம் தர்ற செல் நம்மளக் காப்பாத்தத்தானே இருக்கு? அது ஏன் புத்துநோயா மாறுது?”

ரூபவதி மைக்ரோஸ்கோப்பை அவன் பக்கம் திருப்பினார். அதில் ஒரு தோல் ஸ்லைடு இருந்தது.

“கையை நீட்டிக்கிட்டு ஒண்ணு நிக்குது பாரு, அதுதான். தான் செஞ்ச கருப்பு நிறத்தை அக்கம்பக்கத்துச் செல்லுக்கெல்லாம் கொடுக்குது. அதுங்க அதை வெயிலுக்குக் குடை மாதிரி தலைக்கு மேல வெச்சுக்குது.”

“பதிலுக்கு?”

“அதுங்க இதை நகராம பிடிச்சு வெச்சுக்குது. ஒரு மரபணு பிசகி ‘வளரு, வளரு’ன்னு சொன்னா, இதுவும் வளரப் பார்க்கும். அக்கம்பக்கம் அதட்டி வைக்கும். பெரும்பாலும் மச்சமா நின்னுடும்.”

“அதட்டலன்னா?”

“பிடி விட்டுப்போச்சுன்னா தோலுக்குக் கீழ இறங்கும். அப்புறம் ரத்தத்துல எங்க வேணாலும் போகும்.”

“தான் கெட்டது அதுக்கே தெரியாதா மேடம்?”

“எப்படித் தெரியும்? அதைப் பொறுத்தவரைக்கும் நல்லாத்தானே வளருது.”

இளம்பரிதி அவர் எதிரே தரையில் உட்கார்ந்தான்.

“மேடம், இடது காலைக் கொஞ்சம் காட்டுங்க.”

ரூபவதி செருப்பைக் கழற்றினார். அவன் பாதத்தை மடியில் ஏந்தி லென்ஸ் வைத்துப் பார்த்தான்.

“எப்பப் பார்த்தே?”

“பரீட்சை அன்னிக்கு. கும்பிட்டப்போ.”

“அப்புறமும் ஒரு வாரமா அதட்டாம என் பக்கத்துலதானே இருந்தே?”

அவன் லென்ஸைக் கீழே வைத்தான். “அதுல சின்னதா ஒரு துண்டு வெட்டி எடுத்துப் பார்க்கணும் மேடம். ஸ்லைடு வந்ததும் நீங்களே பார்த்துட்டா நிம்மதியா இருக்கும்” என்றான்.

ரூபவதி எழுந்து, மைக்ரோஸ்கோப் முன்னால் இருந்த தன் நாற்காலியை அவன் பக்கம் நகர்த்தினார்.

“என் கால்தானே, என் கண்ணுக்கு அது மச்சமாத்தான் தெரியும். ஸ்லைடை நீ பாரு, உட்காரு.”