முயல் சுமந்த சுரைக்குடுவை

ஆறு கடலில் கலக்கும் இடத்தில் ஒரு தாழம்புதர். அதில் ஒரு முயலும் அதன் தங்கையும் வாழ்ந்தன. பக்கத்து வளையில் முள்ளம்பன்றி ஒன்று குடியிருந்தது.

ஒருநாள் ஆற்றில் வெள்ளம் வந்தது. மிதந்து வந்த கட்டையில் தொற்றிக்கொண்ட தங்கையை வெள்ளம் கடலுக்குள் இழுத்துச் சென்றது. ஐந்து நாட்களாக முயல் புல்லைக்கூடத் தொடவில்லை. அலைகளையே பார்த்துக்கொண்டு கிடந்தது.

ஆறாம் நாள் காலை ஒரு கடற்காகம் பறந்து வந்தது.

"முயலண்ணே! உன் தங்கச்சி உயிரோட இருக்கா! கரட்டுத் தீவுல, ஒரு பாறை இடுக்குல உட்கார்ந்திருக்கா!"

முயலுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. கரையோரம் மிதந்த கடலாமையிடம் ஓடிக் கெஞ்சியது.

"கொண்டுபோய் விடறேன்" என்றது ஆமை. "அப்புறம் நான் இரை தேடப் போயிடுவேன். மூணாம் நாள்தான் வருவேன். அதுவரைக்கும் உங்க பாடு!"

முயல் அதன் முதுகில் தாவப் போனது.

"நில்லுப்பா! காலுக்கு என்ன கட்டியிருக்கே?" முள்ளம்பன்றி மூச்சிரைக்க ஓடி வந்தது.

"காலுக்கா? சலங்கை கட்டிக்க நான் என்ன ஆடவா போறேன்?"

"கடல்பாறைன்னா சிப்பி ஒட்டியிருக்கும். காலைக் கிழிச்சிடும்!"

முள்ளம்பன்றி தென்னை மட்டையடியில் வலைபோல் இருக்கும் பன்னாடையை நான்காகக் கடித்துக் கிழித்தது. தன் முள்ளால் துளையிட்டு, நார் கோத்து, முயலின் பாதங்களில் கட்டியது. ஒரு கட்டு அறுகம்புல்லை முதுகில் ஏற்றியது. பிறகு ஊற்றுநீர் நிறைந்த பெரிய சுரைக்குடுவையை உருட்டி வந்தது.

கடற்காகம் சிரித்தது. "தண்ணி எதுக்கு? தீவு பூராக் குட்டை குட்டையாக் கிடக்கே! நானே தினமும் குடிக்கிறேன்!"

முயல் முள்ளம்பன்றியிடம் திரும்பியது. "கேட்டியா அக்கா! பார்த்தவன் சொல்றான். உனக்கு மட்டும் என்ன தெரியும்?"

"எனக்குத் தெரியாதுப்பா. தெரியாததாலதான் எடுத்துட்டுப் போகச் சொல்றேன்!"

"உன் நச்சரிப்புக்கு அந்தத் தீவே மேல்!" என்று முயல் சீறியது. முள்ளம்பன்றி குடுவையை முயலின் கழுத்தில் கட்டி இரட்டை முடிச்சுப் போட்டது.

கழுத்து வலித்தது. நடுக்கடலில் குடுவையைக் கழற்றி எறிய முயல் பார்த்தது. முடிச்சு அவிழவில்லை.

தீவில் கத்தி கத்தியாய்ப் பாறைகள். பன்னாடை கிழிந்தது. பாதம் கிழியவில்லை. இடுக்கில் தங்கை சுருண்டு கிடந்தாள். பாறைக் குழியில் தேங்கியிருந்த மழைநீர் முந்தின நாளே வற்றிவிட்டதாம். உதடு வெடித்திருந்தது.

"கொஞ்சம் பொறும்மா!" முயல் பளபளத்த குட்டைக்கு ஓடி வாய் வைத்தது. உடனே துப்பியது. உப்பு! அடுத்த குட்டையும் உப்பு. எல்லாம் அலை தெறித்துத் தேங்கிய கடல்நீர்.

பக்கத்தில் கடற்காகம் ஆனந்தமாகக் குடித்துக்கொண்டிருந்தது. "என்னண்ணே, நல்லாத்தானே இருக்கு?"

அது பொய் சொல்லவில்லை. அதன் தொண்டைக்கு அதுவும் தண்ணீர்தான்.

முயல் தங்கையிடம் வந்து கழுத்தைத் தாழ்த்தியது. குடுவை சாய்ந்தது. தங்கை ஒரு வாய் குடித்தாள், இன்னொரு வாய் குடித்தாள், கண்ணைத் திறந்தாள்.

"நம்ம ஊத்துத் தண்ணி! யாருண்ணா கொடுத்தா?"

 காலையில் தான் சீறியது முயலுக்கு நினைவு வந்தது. "நம்ம முள்ளம்பன்றி அக்கா" என்றது மெல்ல.

மூன்றாம் நாள் ஆமை வரவில்லை. நான்காம் நாள் மாலைதான் வந்தது. அதுவரை இருவரும் முறை வைத்து ஒவ்வொரு வாயாகக் குடித்தார்கள்.

கரையில் முள்ளம்பன்றி காத்திருந்தது. குடுவையை ஆட்டிப் பார்த்தது. அடியில் கொஞ்சம் நீர் தளும்பியது.

"இது ஏன்பா மிச்சம்?"

"வர்ற வழியில ஆமை நின்னுட்டா? நீ கூட இருந்திருந்தா அதைத்தானே சொல்லியிருப்பே!"

முள்ளம்பன்றி முட்கள் சலசலக்கச் சிரித்தது. முயல் அதன் முன்னால் தலையைக் குனிந்து நின்றது.

"முடிச்சை நீயே அவிழ்த்துவிடு அக்கா. இது அன்னிக்கு அவிழாததாலதான் என் தங்கச்சி இருக்கா."

நமக்காக ஒருவர் முன்கூட்டியே படும் கவலை புறப்படும்போது சுமையாகத் தெரிந்தாலும், அதை நன்றியோடு சுமந்து செல்பவரே பத்திரமாக வீடு திரும்புவார்.