பொம்மக்கா பலகை படித்த கதை

கரட்டுமலைக் காட்டில் பொம்மக்கா என்றொரு கரடி இருந்தாள். நல்ல வாட்டசாட்டமான கரடி. கறையான் புற்றை ஒரே அறையில் பிளப்பாள். தேனீ கொட்டினாலும் சட்டை செய்யாமல் அடையை எடுப்பாள். படிப்பு என்றால் மட்டும் காத தூரம் ஓடுவாள்.

அந்தக் காட்டில் மேலே ஓர் ஊற்று, கீழே ஒரு குளம். பங்குனி பிறந்தால் குளம் வற்றிப்போகும். அப்புறம் ஊற்றுத் தண்ணீரை ஒரு டெம்போவில் ஏற்றிக் கீழே கொண்டுவந்துதான் மானும் முயலும் காட்டுக்கோழியும் குடித்தாக வேண்டும். டெம்போவை ஓட்டிக்கொண்டிருந்தது ஒரு காட்டுப்பன்றி. போன மாதம் அது பாலத்திலிருந்து வண்டியோடு ஓடைக்குள் குதித்தது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து, "இந்தத் தொழிலே வேண்டாம் சாமி" என்று பக்கத்துக் காட்டுக்குப் போய்விட்டது. வண்டி எப்படியோ பிழைத்தது. ஓட்டத்தான் ஆள் இல்லை.

காட்டில் கூட்டம் போட்டார்கள். யார் ஓட்டுவது என்று கேட்டதும் ஆளாளுக்கு மேலே பார்த்தார்கள், கீழே பார்த்தார்கள். கூட்டத்தின் ஓரத்தில் ஒரு புள்ளிமான் குட்டி, பிறந்து நாலு மாதம்கூட இருக்காது, குளத்துச் சேற்றை நக்கிக்கொண்டிருந்தது. பொம்மக்காவுக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. "நான் ஓட்டுறேன்" என்று எழுந்துவிட்டாள்.

எழுந்தால் ஆயிற்றா? பன்றி அடித்த கூத்துக்குப் பிறகு காட்டில் ஒரு சட்டம் வந்திருந்தது. பழகுநர் சீட்டு இல்லாமல் யாரும் ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது. சீட்டு வேண்டுமென்றால், சாலையில் பலகைகளை நட்டுவைத்த கிழட்டு நாரையாரிடம் தேர்வு எழுத வேண்டும். எழுதுவது என்றால் எழுதுவது இல்லை. சாலையோரம் நிற்கும் பலகைகளின் படங்களை அவர் ஈர மணலில் அலகால் ஒவ்வொன்றாக வரைவார். அது என்ன சொல்கிறதென்று நாம் சொல்ல வேண்டும். மூன்று தப்பு வரை மன்னிப்பார். நாலாவது தப்பு வந்தால் சீட்டு கிடையாது.

அதுவும் எப்போது? நாரைக் குஞ்சுகளுக்கு இறக்கை முளைத்துவிட்டது. நாலாம் நாள் கூட்டத்தோடு கிளம்பினால் நாரையார் ஐப்பசி மழைக்குத்தான் திரும்புவார். மூன்றாம் நாள் நடக்கும் தேர்வில் பொம்மக்கா தேறாவிட்டால் கோடை முழுக்க டெம்போ நகராது. அந்தக் குட்டிக்குச் சேறுதான்.

பொம்மக்கா ஒரு பலகையின் முன்னால் போய் நின்றாள். சிவப்பு வட்டம். அடுத்ததும் சிவப்பு வட்டம். அதற்கடுத்தது முக்கோணம். அவளுக்குத் தலை சுற்றியது.

அந்த நேரம் பார்த்து மரத்திலிருந்து இறங்கினான் சிங்காரம். அவன் ஒரு மரநாய். குறுக்கு வழி எங்கே இருந்தாலும் மோப்பம் பிடித்துவிடுவான். பலகையைப் பார்த்து எதற்குக் கண்ணைக் கெடுத்துக்கொள்கிறாய் என்று கேட்டான். சட்டம் வந்ததிலிருந்து நாரையார் நடத்தி யாருமே தேறாமல் போன தேர்வையெல்லாம் அவன் கிளையில் படுத்தபடி பார்த்திருக்கிறானாம். ஊற்றிலிருந்து குளம் வரை பலகைகள் எந்த வரிசையில் நிற்கின்றனவோ, அதே வரிசையில்தான் கிழவர் வரைவாராம். ஒரு தடவைகூட மாற்றியதில்லையாம்.

"பத்துக் கேள்வி, பத்துப் பதில். படத்தைப் பார்க்கவே வேணாம் பொம்மக்கா. பதிலை மட்டும் பாட்டாப் படிச்சுக்க. நானும் அப்படித்தான் தேர்வுக்கு வரேன். சீட்டு இருந்தா காட்டுல ஒரு மதிப்புதானே!"

பாட்டுச் சொல்லிக்கொடுக்க அவன் கேட்ட கூலி, நாளுக்கு ஒரு தேனடை. பொம்மக்காவுக்கு உச்சி குளிர்ந்தது. சாயங்காலத்துக்குள் பாட்டு வாயில் ஏறிவிட்டது. "நில்லு, ஊதாதே, இடம் வளை, பாலம் குறுகல், முந்தாதே..." என்று பத்து வரையும் தலையை ஆட்டிக்கொண்டே பாடினாள்.

மறுநாள் காலையில் ஒரு காட்டுக்கொடியை வளையமாகக் கட்டி ஸ்டியரிங் ஆக்கிக்கொண்டாள். வாயால் "டுர்ர்ர்" என்று சத்தம் கொடுத்தபடி ஊற்றிலிருந்து இறக்கத்தில் ஓடிவந்தாள். ஓட்டம் ஒரு பக்கம், பாட்டு ஒரு பக்கம். பலகைகள் வந்தன, போயின. அவள் எதையும் பார்க்கவில்லை. "முந்தாதே" என்று பாடும்போது காலில் ஏதோ கெட்டியாக இடறியது.

திரும்பிப் பார்த்தால் சோலையன். அவன் ஓர் ஆமை, தரையில் திரியும் கட்டாமை. மல்லாந்து கிடந்து நாலு காலையும் ஆட்டிக்கொண்டிருந்தான். பொம்மக்கா கொடியை வீசிவிட்டு ஓடிவந்தாள். அவனைப் புரட்டி நிமிர்த்தி, மண்ணைத் தட்டிவிட்டு, அடிபட்டுவிட்டதா என்று நாலு தடவை கேட்டாள்.

சோலையன் தலையை மெதுவாக வெளியே நீட்டினான். பக்கத்தில் நின்ற பலகையைக் காட்டினான். "பாட்டு நல்லாத்தான் இருக்கு. இந்தப் பலகை உன் பாட்டுல எங்க வருது?"

பொம்மக்காவுக்கு நடுவிலிருந்து சொல்லத் தெரியாது. "நில்லு" என்று முதலிலிருந்து ஆரம்பித்து, வந்த வழிப் பலகைகளை விரல் விட்டு எண்ணிக்கொண்டே வந்து, "ஏழாவது. ஆள் கடக்கும் இடம்" என்றாள்.

"நீ ஏழுக்கு வர்றதுக்குள்ள நான் சட்னி" என்றான் சோலையன்.

கோபமாகச் சொல்லியிருந்தால் அவளும் பதிலுக்குக் கத்தியிருப்பாள். அவன் சாதாரணமாகச் சொன்னான். அதுதான் அவளைச் சுட்டது. இடறியது தன் கால் என்பதால் சரியாய்ப் போயிற்று, டெம்போச் சக்கரமாக இருந்தால்? அப்படியே சாலையோரத்தில் உட்கார்ந்துவிட்டாள். வெட்கத்தில் அழுகையே வந்துவிட்டது. சீட்டு வாங்கிவிடலாம், சரி. வாங்கிய பிறகு ஓட்டப்போவது யாராம்? பாட்டா ஓட்டும்?

கண்ணைத் துடைத்துக்கொண்டு, பலகைகளை முதலிலிருந்து பார்க்கப்போவதாகச் சொன்னாள். சோலையனையும் கூட வரச் சொன்னாள். தனக்குப் படம் கிடம் ஒன்றும் தெரியாதே என்றான் அவன். ஆனால் இந்தச் சாலையை ஒரு தடவை கடக்க அவனுக்கு அரைநாள் ஆகும். அந்த அரைநாளில் இங்கே என்னென்ன நடந்தது என்று அவனுக்குத் தெரியாமல் இல்லை.

அவனைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு நடந்தாள். ஒவ்வொரு பலகையிடமும் அவள் படத்தைப் பார்ப்பாள், அவன் அங்கே நடந்ததைச் சொல்வான். பன்றி ஓடையில் விழுந்த பிறகு வந்தது பாலத்துப் பலகை. கூடுகள் உள்ள மரத்தடியில் பன்றி ஹாரனை அலறவிட்டதில் ஒரு நாரைக் குஞ்சு மிரண்டு கீழே விழுந்தது. ஊதாதே என்ற பலகை அதற்காக வந்தது. ஆள் கடக்கும் இடத்துக்கு வந்ததும் சோலையன் தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டான். அப்புறம், "என் தங்கச்சி ஓடு இங்கதான் உடைஞ்சுது" என்று மட்டும் சொன்னான். பொம்மக்கா அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

தேர்வுக்கு முந்தின நாள் ஊற்றுப் பக்கம் போனபோது, சாலை தொடங்கும் இடத்தில் ஒரு பெரிய பள்ளம். சக்கரம் இறங்கினால் அச்சு முறிந்துவிடும். தோண்டியது யார்? வேறு யார், பொம்மக்காவேதான். போன வாரம் கறையானுக்காகத் தோண்டியது. அன்றைக்கு அது அவளுக்குச் சாலையாகவே தெரியவில்லை. மண்ணை அள்ளிப் போட்டு மூடினாள். ஆனாலும் புதுமண் அமுங்கத்தானே செய்யும்! நேரே நாரையாரிடம் போய், தப்பு தன்னுடையதுதான் என்று ஒப்புக்கொண்டாள். அவர் திட்ட வேண்டியதைத் திட்டினார். பிறகு அந்த இடத்தில் ஒரு பலகை நட்டுவைத்தார்.

மூன்றாம் நாள் தேர்வு. ஓடை மணலில் காடே கூடியிருந்தது. சிங்காரம் முதலில் வந்தான். வாலை நிமிர்த்தினான், கண்ணை மூடிக்கொண்டான். பாட்டுப் பாட எதற்குக் கண்?

நாரையார் வழக்கம்போலச் சாலை வரிசையிலேயே வரைந்தார். முதல் படம், பள்ளம்.

"நில்லு" என்றான் சிங்காரம்.

நாரையார் ஒரு காலை மாற்றி நின்றார். அடுத்து, நில் பலகையை வரைந்தார்.

"ஊதாதே."

"ஊதாம அப்படியே போயிடலாமா?" என்று கேட்டார் நாரையார். பாராட்டுகிறார் என்று நினைத்துச் சிங்காரம் தலையசைத்தான்.

ஊதாதே பலகைக்கு "இடம் வளை" என்றான். கூட்டை நோக்கி வண்டியை வளைக்கிறானே என்று மரத்து மேல் நாரைகளெல்லாம் பதறிப்போயின. இடப்பக்க வளைவுக்குப் பாலம் குறுகல். குறுகிய பாலத்துக்கு முந்தாதே. இப்படியே ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளிப் பத்துப் பதிலும் தீர்ந்தது. நாரையார் பதினோராவது படத்தை வரைந்துவிட்டுக் காத்திருந்தார். சிங்காரம் கண்ணைத் திறந்தான். பதினோராவதா? பாட்டில் அப்படி ஒன்று இல்லையே! மதிப்பெண் பூஜ்ஜியம். ஏட்டுச் சுரைக்காயாவது பார்க்க நன்றாக இருக்கும், இது அதற்கும் உதவவில்லை.

அடுத்து பொம்மக்கா. பள்ளத்தின் படத்தைப் பார்த்ததும், "அது நான் தோண்டினதுங்க, மெதுவாத்தான் இறங்கணும்" என்றாள். காடே சிரித்தது. இரண்டாவதில் பாழாய்ப்போன பாட்டு நாக்கில் ஏறி, நில் பலகைக்கு "ஊதாதே" என்றுவிட்டாள். பாட்டை விழுங்கிவிட்டுப் படத்தை உற்றுப் பார்த்தாள். பாலம் சரி, ஆள் கடக்கும் இடம் சரி. கடைசிப் பக்கம் இரண்டு சிவப்பு வட்டங்கள் ஒன்றுபோல இருந்து அவளைக் கவிழ்த்தன. மூன்று தப்பு ஆகிவிட்டது. பாக்கி ஒரே ஒரு படம்.

நாரையார் வரைந்தார். முக்கோணத்துக்குள் சின்னதாக இரண்டு உருவம். பொம்மக்கா பார்த்தாள், பார்த்தாள், பெயர் வரவில்லை. பெயரைத் தேடுவதை விட்டுவிட்டு அந்தப் பலகை நிற்கும் இடத்தை நினைத்தாள். குளத்துக்கு முன்னால் கடைசி வளைவு.

"பேரு மறந்துபோச்சுங்க" என்றாள். "ஆனா அங்க குட்டிங்க இருக்கும். தண்ணி வண்டியைப் பார்த்தா அதுங்க ஒதுங்காது, தாகத்துல வண்டியைப் பார்த்து ஓடிவரும். அதுங்களுக்குத் தெரியாது. அதனால நமக்குத் தெரியணும். நடக்கிற மாதிரி மெதுவாப் போகணும்."

நாரையார் அலகை மணலில் துடைத்தார். "பேரு, குட்டிகள் நடமாடும் இடம். பேரை யாருகிட்ட வேணும்னாலும் கேட்டுக்கலாம்" என்று சொல்லிப் பழகுநர் சீட்டை நீட்டினார்.

மறுநாள் நாரைகள் கிளம்பின. அதே காலையில் டெம்போவும் கிளம்பியது. பழகுநர் தனியாகப் போகக் கூடாது என்பதால், பக்கத்து இருக்கையில் சோலையன். பொம்மக்கா பள்ளத்தில் மெல்ல இறங்கி ஏறினாள், கூட்டு மரத்தடியில் ஊதவில்லை, பாலத்தில் வாய்க்குள் சாமியைக் கும்பிட்டுக்கொண்டே போனாள். ஆள் கடக்கும் இடத்துப் பலகை தெரிந்ததுமே பிரேக்கில் கால் வைத்து நிறுத்திவிட்டாள். சாலையில் ஒரு ஈ காக்கை இல்லை. யாருமே இல்லையே, எதற்கு நிறுத்தினாய் என்று சோலையன் கேட்டான்.

அவன் கேட்டு முடிக்கவில்லை. புதரிலிருந்து ஓர் எலி பாய்ந்து குறுக்கே ஓடியது. எலிக்குப் பின்னால், இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்க்காமல், சிங்காரம். வண்டியின் மூக்குக்கு ஒரு முழம் முன்னால் வந்துதான் வண்டியையே பார்த்தான். கால்கள் அப்படியே நட்டுக்கொண்டன. பொம்மக்கா அவனைப் பார்த்து நிறுத்தியிருந்தால் அவன் இருந்திருக்க மாட்டான். பலகையைப் பார்த்து நிறுத்தியதால் இருந்தான். அது அவனுக்கும் புரிந்தது.

"மெதுவாப் போங்கண்ணே, நான் நிக்கிறேன்" என்றாள் பொம்மக்கா.

அன்றைக்கு வெயில் ஏறுவதற்குள் குளத்தங்கரையில் புள்ளிமான் குட்டி வயிறு முட்டத் தண்ணீர் குடித்தது. மறுநாள் காலையில் ஊற்றுப் பக்கம் போனவர்கள் ஓர் அதிசயத்தைப் பார்த்தார்கள். சிங்காரம் முதல் பலகைக்கு முன்னால் இரண்டு கண்ணையும் நன்றாகத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தான்.

விடையை மட்டும் மனப்பாடம் செய்தவருக்குத் தேர்வோடு படிப்பு முடிகிறது. எதற்காக என்று அறிந்து படித்தவரின் படிப்பே வழியில் நாலு உயிரைக் காக்கிறது.