வாசிக்கத் தெரியாத பிள்ளையே இல்லாத பள்ளி

எழுத்துக்கூட்டி வாசிக்கச் சொல்லித்தர அந்தப் பள்ளிக்குத் தற்காலிகமாக வந்தவள் பிலோமினா. பாதி வருஷம்கூட ஆகவில்லை, அவளை அனுப்பிவைக்கும் உத்தரவோடு கல்வி அதிகாரி ஞானப்பிரகாசம் காரில் வந்து இறங்கினார்.

"ஆய்வு முடிவு வந்தாச்சும்மா. இந்தப் பள்ளியில வாசிக்கத் தெரியாத பிள்ளையே இல்லை. அப்புறம் நீங்க எதுக்கு? நான் சொல்றது தப்புன்னா ஆதாரம் காட்டுங்க. ஆய்வுக்கு மேல ஒரு ஆதாரம் இருக்கா உங்ககிட்ட?"

பிலோமினா கையைக் கட்டிக்கொண்டாள்.

"சந்தோஷம் சார், போயிடறேன். அந்த உத்தரவை மட்டும் ஒரு பிள்ளையை வாசிக்கச் சொல்லுங்க, கேட்டுட்டுப் போறேன். யாரை வேணா கூப்பிடுங்க. எல்லாருக்கும்தான் வாசிக்கத் தெரியுமே."

அதிகாரிக்கு அது மரியாதையாகவே பட்டது. ஐந்தாம் வகுப்பின் கடைசி பெஞ்சிலிருந்து ரக்ஷிதாவைக் கூப்பிட்டார். இப்போதுதான் ககர வரிசையைத் தாண்டியிருந்த பெண், தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஆய்வுல எல்லாரும் நல்லா வாசிச்சீங்களே, இப்ப என்ன?" என்றார் அதிகாரி.

"அன்னிக்கு எங்க பெஞ்சுக்கு மட்டும் ஹெச்.எம். சார் லீவு விட்டுட்டார் சார்."

பக்கத்தில் நின்ற தலைமையாசிரியர் ஜன்னலுக்கு வெளியே எதையோ தேடினார். வகுப்பே அதிகாரியின் முகத்தைப் பார்த்தது. மனுஷன் வெட்கப்பட்டிருக்கலாம். ஆய்வை மறுபடி நடத்தச் சொல்லியிருக்கலாம். அவரோ ரக்ஷிதாவின் கையிலிருந்து உத்தரவைப் பிடுங்கி, முதல் வரியிலிருந்து கையெழுத்து வரை தானே உரக்க வாசித்து முடித்தார்.

கடைசி பெஞ்ச் கைதட்டியது. சார் திக்காமல் வாசிக்கிறாராம்.